ஒரு நாளைக்கு ஓர் இடம்

என் மகள் சம்பாதிக்க ஆரம்பித்த இரண்டாவது வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆராதனை முடிந்து வந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"அம்மா, உன்னயும் அத்தயயும் ஒரு தடவ ஃபாரின் கூட்டிக்கினு போலாம்னு இருக்கேன். எங்க போலாம்னு நீங்களே சொல்லுங்க."

நான் சிரித்துவிட்டேன். என் கணவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவளையே பார்த்தார். அண்ணி மட்டும்தான் கேட்டார்: "அங்கல்லாம் உக்கார எடம் இருக்குமா?"

அண்ணி என் கணவரின் அக்கா. கல்யாணமாகிச் சில வருஷங்களிலேயே தன் கணவரை இழந்து, பிள்ளை இல்லாமல், கவரைப்பேட்டையில் இருக்கும் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவர். நான் மருமகளாக அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்பங்கரையில் அவர்தான் இருந்தார். எங்களுக்கு முந்தின தலைமுறை அடுத்தவர் கழனியில் நாற்று நட்டது. நாங்கள் கம்பெனிக்குப் போன தலைமுறை. மகளுக்கு ஒரு வயது முடிந்த சமயம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் பெண்களை எடுத்தார்கள். பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். "நீ போ. கொயந்தய நான் பாத்துக்கறேன்" என்றார் அண்ணி. இரண்டாவது வார்த்தை பேசவில்லை.

அவருக்கும் வேலை இருந்தது. பள்ளிக்கூடச் சத்துணவு மையத்தில் சமையல். விடிவதற்கு முன் எழுந்து வீட்டுக்குச் சமைத்து, எனக்கு டப்பா கட்டி, பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அதன்பிறகு ஓடிப்போய் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு உலை வைப்பார். எனக்கு வாரத்துக்கு ஒரு ஷிஃப்டு மாறும். அது மாறும்போதெல்லாம் அவருடைய தூக்கமும் மாறும். அவர் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது முழங்கால் இரண்டும் போயிருந்தன. இரண்டு படி ஏறினால் சுவரில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அதனால்தான் உட்கார இடம் இருக்குமா என்று கேட்டார். அது விளையாட்டுப் பேச்சில்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

மகள் முதலில் சிங்கப்பூர் என்றாள். செல்போனில் வீடியோ காட்டினாள். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரை பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா எல்லாரும் நடந்துக்கினே இருக்காங்களே."

அப்புறம் பேசிப் பேசி இலங்கை என்று முடிவானது. விமானத்தில் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம். பேச்சுத் துணைக்குத் தமிழ் இருக்கும். மலை இருக்கிறது, மலையில் ரயில் போகிறது. எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மேற்கே ஆந்திரா மலைகள் நீலமாகத் தெரியும். அதைத் தவிர மலை என்று ஒன்றைக் கிட்டத்தில் நான் பார்த்தது கிடையாது. ரயில் என்றால் எங்களுக்கு லோக்கல் ரயில்தான். கூட்டத்தில் இடித்துப் பிடித்து ஏறுவது, இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு முந்தின ஸ்டேஷனிலேயே எழுந்து வாசல் பக்கம் நகர்வது. இறங்க அவசரமில்லாத ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போக வேண்டும் என்று எனக்கும் ஓர் ஆசை உள்ளே இருந்திருக்கிறது. மகள் கேட்டபிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

கும்மிடிப்பூண்டி பஜாரில் டூர் ஏற்பாடு செய்கிற ஒருவர் இருந்தார். ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் அவரிடம் போனோம். நல்ல மனிதர். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, அண்ணிக்குக் கை வைத்த நாற்காலியைப் போட்டார்.

"ஆறு நாளு, ஒம்போது ஊருமா. ஒண்ணு வுடாம பாத்துட்டு வந்துடலாம். காலைல மட்டும் நாலரைக்கு ரெடியா இருந்தீங்கன்னா போதும்" என்றார்.

"நாலரைக்கா?" என்றார் அண்ணி.

"அப்பதான்மா கூட்டம் இல்லாம பாக்கலாம்."

"நாலரைக்கு எந்திரிக்கறதுக்கு நான் இன்னாத்துக்குப்பா ஃபாரின் போணும்? அந்த நேரத்துக்கு எங்க ஊட்லயே எந்திரிச்சுக்கினு இருக்கறேனே."

அவரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

அதன்பிறகு திட்டம் போடும் பொறுப்பை மகளே எடுத்துக்கொண்டாள். இரண்டு வாரம் வேலை முடிந்து வந்ததும் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்தாள். எங்கே என்ன இருக்கிறது, போவதற்கு எவ்வளவு நேரமாகும், எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொன்றையும் தேடித் தேடிச் சேர்த்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திறந்து காட்டினாள். கட்டம் கட்டமாக, கலர் கலராக இருந்தது. யானைகளைக் குளிப்பாட்டும் இடம், பூந்தோட்டம், தேயிலைத் தொழிற்சாலை, அருவி, குகைக்குள் கோயில், கடற்கரை. எங்கள் கம்பெனிச் சுவரில் ஒட்டும் உற்பத்தி அட்டவணை என் ஞாபகத்துக்கு வந்தது.

அண்ணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் விரலை வைத்து, "இந்தப் பச்ச கலர் இன்னாது?" என்றார்.

"அது வண்டில போற டைம் அத்த."

"மஞ்சா?"

"பாக்கற எடம்."

"செவப்பு?"

"அது ரெஸ்ட்."

அண்ணி திரையை நன்றாகப் பார்த்தார். "செவப்பு கொஞ்சூண்டுதான் கீது."

சண்டையாக அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் மகளின் முகம் சுருங்கிப்போனது. லேப்டாப்பை மூடிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நான் போனேன். துணி காயும் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வள்ளூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தூரத்தில் லேசாகத் தெரிந்தது. அவள் அப்பா வேலை செய்வது அங்கேதான்.

"நல்லாத்தான்டி போட்டிருக்கற. அவங்களுக்குக் கால் முடியல, அதான்" என்றேன்.

"எனக்குத் தெரியும்மா. நீங்க ரெண்டு பேரும் எங்கயுமே போனதில்ல. நான் ஸ்கூல்ல டூர் போனப்பல்லாம், திரும்பி வந்து நான் சொல்றத உக்காந்து கேப்பீங்க. இப்ப நான் கூட்டிக்கினு போறேன். அடுத்த வாட்டி எப்பவோ. அதான் எதயும் வுடக்கூடாதுன்னு பாத்தேன்."

அதற்குள் படியில் சத்தம் கேட்டது. அண்ணி மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தார். அந்தப் படிகளில் அவர் ஏறி ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். நடுவில் நின்று நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து, தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்தார். மூச்சு வாங்கி முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

"நீ கஷ்டப்பட்டுப் போட்டத நான் கொற சொல்லல கண்ணு. அவ்ளோத்தயும் பாத்தா எனக்கு ஒண்ணும் மனசுல நிக்காது. ஒரு நாளைக்கு ஒரு எடம் பாக்கலாம். அத நல்லா பாக்கலாம். சாப்ட்டுட்டுக் கொஞ்சம் படுக்கலாம். காலைல யாரும் யாரயும் எழுப்பக்கூடாது. அவ்ளோதான் எனக்கு."

"அதுக்கு அவ்ளோ தூரம் போணுமா அத்த?"

"இங்க இருந்தா வுடுவாங்களா? குக்கர் வுடாது, தண்ணி லாரி வுடாது, உங்கொப்பன் வுடமாட்டான்."

மகள் சிரித்துவிட்டாள். அன்று இரவே அட்டவணையை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தாள். இந்த முறை மூன்று பேரும் சேர்ந்து போட்டோம். இறங்கிய அன்று ஒன்றும் கிடையாது. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே நீர்கொழும்பில் தங்கித் தூங்குவது மட்டும். அடுத்து கண்டி. அங்கே ஒரு நாள் ஏரி, ஒரு நாள் பூந்தோட்டம். அங்கிருந்து ரயிலில் மலையேறி அட்டன். அட்டனில் மூன்று நாள் ஒரே அறை, ஒரே ஜன்னல். அந்த மூன்று நாளுக்கும் எதிரில் என்ன எழுதுவது என்று மகள் கேட்டாள். "ஒண்ணும் எழுதாத. அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றேன். ஒரு நாளுக்கு நேராக வெற்றிடம் விட்டுவைப்பது அவளுக்கு முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது.

என் கணவர் வரவில்லை. மின் நிலையத்தில் அந்த மாதம் ஒரு யூனிட்டை நிறுத்திப் பராமரிப்பு வேலை நடக்க இருந்தது. அவர் அங்கே கான்ட்ராக்டில் எலக்ட்ரீஷியன். அந்தச் சமயத்தில் லீவு கேட்கவே முடியாது. ஆனால் அவரும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டார். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அக்காவை பைக்கில் உட்காரவைத்து கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவார். பிளாட்பாரம் சமமாக இருக்கும், பெஞ்சு இருக்கும், காற்று வரும். அங்கே நடக்கப் பழக்கினார். முதல் நாள் பாதிப் பிளாட்பாரம்கூட நடக்க முடியவில்லை.

"போதும், ஒக்காருக்கா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"இன்னும் அந்தக் கம்பம் வரைக்கும் போறேன்டா."

"இன்னாத்துக்கு? கம்பம் எங்கயும் போகாது. ஒக்காரு."

ஒரு மாதத்தில் ஒரு முழுப் பிளாட்பாரத்தை நடந்து பெஞ்சில் உட்கார்ந்து, மறுபடி திரும்பி நடக்கும் அளவுக்கு வந்துவிட்டார். அதுவே எங்கள் திட்டத்தில் அளவுகோலானது. கண்டி ஏரியைச் சுற்றி நடக்க ஆசையாக இருந்தது. மகள் மேப்பில் அளந்து பார்த்து, "அத்த, இது பல பிளாட்பாரம் வரும். ஒரு பிளாட்பாரம் நடந்துட்டு மீதிய உக்காந்து பாத்துக்கலாம்" என்றாள். அண்ணி அதை உடனே ஒப்புக்கொண்டார்.

கம்பெனி பஸ்ஸில் விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மீஞ்சூரில் ஏறும் ஒரு தோழி தன் அண்ணன் குடும்பத்தோடு எங்கோ வெளிநாடு போய்வந்தவள். "எனக்கு இன்னா ஞாபகம் கீது தெரியுமா? எந்த எடத்துல பாத்ரூம் இருந்துச்சுன்றதுதான். இறங்கு, போட்டோ எடு, ஏறு. ஒரே பேஜாரு. நீங்க போட்டுக்கீற பிளான்தான் கரெக்டு" என்றாள். மறுநாள் தன் ஸ்வெட்டரை மடித்து ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். இன்னொருத்தி எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தாள். பின் சீட்டில் உட்காரும் சின்னப் பெண் ஒருத்தி, கழுத்தில் மாட்டிக்கொள்கிற தலையணையைத் தந்து, "ஆன்லைன்ல வாங்கனேன்க்கா, நான் எங்க போவப்போறேன், நீங்க எட்த்துக்கினு போங்க" என்றாள். நீயும் போவாய் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

லீவு கேட்கத்தான் பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் லீவு கேட்டதெல்லாம் காய்ச்சலுக்கு, சாவுக்கு, பிள்ளையின் பரீட்சைக்கு. சூப்பர்வைசர் என்னைவிட வயதில் சின்னவர். "எதுக்குக்கா ஒரு வாரம்?" என்றார்.

"ஊர் சுத்திப் பாக்கப் போறேன் சார். இலங்கைக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "டூரா?"

"ஆமா சார்."

"போய்ட்டு வாங்கக்கா. உங்க டேபிளுக்கு நான் ஆள் போட்டுக்கறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "போட்டோ காட்டணும்" என்றார். நான் அவரிடம் ஒரு பெரிய வாதத்துக்கே தயாராகப் போயிருந்தேன். அதைப் பேச வேண்டியே வரவில்லை.

விமானத்தில் அண்ணி கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டே ஏறினார். கண்ணைத் திறந்தபோது கீழே கடல் இருந்தது. "ஸ்தோத்திரம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அப்புறம் இறங்கும்வரை ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

திட்டப்படி முதல் நாள் தூங்கினோம். கண்டி ஏரிக்கரையில் ஒரு பிளாட்பார அளவு நடந்துவிட்டு, மர நிழலில் உட்கார்ந்து நாள் பூராவும் தண்ணீரைப் பார்த்தோம். பூந்தோட்டத்தில் பேட்டரி வண்டி இருந்தது; மகள் அதை முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தாள். அங்கே பெரிய மரம் ஒன்று கிளைகளை மைதானம் மாதிரி பரப்பி நின்றது. அதன் எதிரில் நாங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் எத்தனையோ கூட்டம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனது.

எல்லாம் இப்படியே போகும் என்று நினைத்திருந்தோம். அட்டனுக்குப் போன ரயில் பாதி வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றுவிட்டது. முந்தின இரவு பெய்த மழையில் முன்னால் எங்கோ மண் சரிந்து தண்டவாளத்தின்மேல் விழுந்திருந்தது. எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பெட்டியில் வெள்ளைக்காரர்களும் வடக்கத்திக்காரர்களும் இருந்தார்கள். ஒரு குடும்பம் சாயங்காலத்துக்குள் இன்னொரு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அந்த அப்பா போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார், பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டன. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மகள் எழுதிய முதல் அட்டவணையோடு வந்திருந்தால் நாங்களும் அப்படித்தான் நின்றிருப்போம். எங்களுக்குத் தவறவிட ஒன்றும் இல்லை. பைகளை வண்டியிலேயே விட்டுவிட்டுப் பிளாட்பாரத்தில் இறங்கினோம்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனைச் சுற்றி எல்லாப் பக்கமும் தேயிலைச் செடி. பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கண்டி ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவமாகி, பேத்தியைப் பார்த்துவிட்டு எஸ்டேட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டு, "நீங்க இந்தியாவா?" என்றார்.

"ஆமா, மெட்ராஸ் பக்கம்" என்றார் அண்ணி. கவரைப்பேட்டை என்று சொன்னால் தெரியாது என்று நினைத்திருப்பார்.

"நாங்களும் அங்கேருந்து வந்தவங்கதான், எங்க தாத்தாவோட தாத்தா காலத்துல. எந்த ஊருன்னு எங்களுக்குத் தெரியாது. அப்பாட்ட கேட்டேன், அவருக்கும் தெரியல."

"எங்கூட்டுப் பெரியவங்களும் கழனி வேலைதான் செஞ்சாங்க" என்றார் அண்ணி. "உங்க தாத்தாவும் எங்க ஊரு கழனிலருந்துதான் வந்தாருன்னு வெச்சுக்கங்களேன்."

அந்த அம்மா சிரித்து, நகர்ந்து இடம் விட்டார். பிளாஸ்கைத் திறந்து மூடியில் பால் போடாத தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தார். கூடவே ஒரு துண்டு கருப்பட்டி. நாங்கள் முறுக்கு டப்பாவைத் திறந்தோம். கொழுந்து எடுக்கும்போது அட்டை கடிப்பதிலிருந்து பேத்திக்கு என்ன பெயர் வைப்பது என்பது வரை பேசினோம். அண்ணி சத்துணவு உலையைப் பற்றிச் சொன்னார். இரண்டு பேருக்கும் முழங்கால் வலி. இரண்டு பேரும் எந்தத் தைலம் நல்லது என்று பேசிக்கொண்டார்கள். மகள் என் தோளில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். போட்டோ எடுக்க அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மத்தியானம் தாண்டித்தான் ரயில் கிளம்பியது. அந்த அம்மா இரண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கினார். இறங்கும்போது அண்ணியின் கையைப் பிடித்து, "பாத்துப் போயிட்டு வாங்கக்கா" என்றார். வயதில் அவர்தான் மூத்தவராக இருந்திருப்பார். ரயில் நகர்ந்தபிறகும் அண்ணி ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அட்டனில் மூன்று நாளும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு காலையில் நான் எழுந்தபோது வெயில் படுக்கைவரை வந்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் அண்ணி தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, ஒரு கை மகளின் மேல் கிடந்தது. கவரைப்பேட்டை வீட்டுக்கு நான் வந்து கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. விடிந்தபிறகும் அண்ணி தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எத்தனை ஷிஃப்டுக்கு இவர் என்னை எழுப்பி அனுப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே, சத்தம் போடாமல் எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்த வாரம் சபைக்குப் போனோம். எங்கள் சபையில் ஆராதனைக்கு நடுவே சாட்சி சொல்வார்கள். நோய் தீர்ந்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், வீடு கட்டி முடித்தவர்கள் எழுந்து நின்று கர்த்தருக்கு நன்றி சொல்வார்கள். அண்ணி இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட எழுந்ததில்லை. அன்று முன் வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"எனக்குப் பெருசா ஒண்ணும் சொல்லத் தெரியாது" என்று ஆரம்பித்தார். "எங்க ஊட்டுப் பொண்ணு என்னயும் எங்க தம்பி பொண்டாட்டியயும் வெளிநாட்டுக்குக் கூட்டிக்கினு போச்சு. அங்க மூணு நாளு ஒரு வேலயும் செய்யாம சும்மா இருந்தேன். அதுக்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

சபையில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. பெண்கள் பக்கத்திலிருந்துதான் அதிகம். போதகரும் சிரித்துவிட்டு, "ஆமென்" என்றார். அண்ணி உட்கார்ந்து, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.